ஐரோப்பிய இடைக்கால வாள்வீச்சு: எதைப் படிப்பது, எப்படிப் பழகுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருஷங்களாக நானும் ஒரு நண்பரும் ஐரோப்பாவின் பழைய வாள்வீச்சுச் சுவடிகளைப் படித்து, படித்ததை மொட்டை மாடியில் பழகிப் பார்த்து வருகிறோம். ஆர்வத்தோடு விசாரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாக 1300-க்கும் 1500-க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். தேவைப்பட்ட இடத்தில் கொஞ்சம் தாண்டியும் போயிருக்கிறேன்.

இந்தக் கலை ஆசான், மாணவர் என்று கைமாறி இன்றுவரை வந்திருக்கிறதா?

இல்லை. இதை முதலில் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். இரு கையாலும் பிடிக்கும் நீள்வாளையும் சிறு கேடயத்தையும் கற்றுத்தந்த பரம்பரை எப்போதோ அறுந்துவிட்டது. இன்றைய ஒலிம்பிக் வாள்வீச்சு பிற்கால மெல்லிய வாள்களின் வழி வந்தது. அறுந்த நூலை மறுபடி பிடிக்க முயன்றவர்களில் முக்கியமானவர்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் இருந்த இகெர்டன் காஸிலும் ஆல்ஃபிரட் ஹட்டனும். காஸில் 1885-ல் வாள்வீச்சுப் பள்ளிகளின் வரலாற்றை எழுதினார். ஹட்டன் பழைய ஆயுதங்களை மேடையேற்றிச் செய்து காட்டினார். அவர்களுக்குப் பிறகு நெடுங்காலம் பெரிய அசைவு இல்லை. 1990-களில் இணையம் வந்து சுவடிகளின் பிரதிகள் கைக்குக் கை பரவ ஆரம்பித்தபோதுதான் இன்றைய அலை எழுந்தது. அதற்கு 'வரலாற்று ஐரோப்பியப் போர்க்கலைகள்' என்று பெயர். பேச்சில் ஹெமா என்பார்கள்.

ஆகவே 'எங்கள் குடும்பத்தில் அறுநூறு வருஷமாக நீள்வாள் சொல்லித்தருகிறோம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலகத்தில் எல்லாப் பயிற்றுநர்களும் படிப்பது ஒரே சுவடிகளைத்தான். அவை உங்களுக்கும் திறந்திருக்கின்றன. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

எழுநூறு வருஷத்துக்கு முந்தைய வாள்வீச்சு நூல் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஐ.33 என்ற சுவடிதான் நமக்குக் கிடைத்திருக்கும் ஐரோப்பிய வாள்வீச்சு நூல்களில் மிகப் பழையது. 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிராங்கோனியப் பகுதியில் எழுதப்பட்டது. மொத்தம் 32 தோல் ஏடுகள். லத்தீன் உரைநடைக்கு நடுவே ஜெர்மன் கலைச்சொற்கள் வரும். ஒரு பாதிரியார் தன் மாணவருக்கு ஒருகை வாளும் உள்ளங்கை அளவை விடச் சற்றே பெரிய வட்டக் கேடயமும் கற்றுத்தருகிறார். எல்லாச் சண்டைக்காரர்களும், கலை தெரியாதவர்கள்கூட, ஏழு காப்பு நிலைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தொடங்கி, அந்த ஏழையும் எப்படி உடைப்பது என்று காட்டிக்கொண்டே போகிறது.

அந்தச் சுவடி பிழைத்து வந்ததே ஒரு கதை. ஜெர்மனியின் கோத்தா நகர நூலகத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க் குழப்பத்தில் காணாமல் போய், 1950-ல் லண்டன் ஏலத்தில் வெளிப்பட்டது. அருங்காட்சியகம் அதை வாங்கிக்கொண்டது. அன்று அது ஏதோ ஒரு தனியார் பெட்டிக்குள் போயிருந்தால் சிறுகேடயப் பயிற்சியின் பெரும்பகுதி இன்று நமக்கு இருந்திருக்காது.

சுவடிகள் நிறைய இருக்கின்றனவே, எதில் தொடங்குவது?

என் பதில் எப்போதும் ஃபியோரே தெய் லிபெரிதான். இவர் வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி பகுதிக்காரர். 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபெர்ராராவை ஆண்ட மூன்றாம் நிக்கோலோ தெஸ்தேவுக்குக் காணிக்கையாகத் தன் நூலை எழுதினார். தலைப்பை 'போர்மலர்' என்று தமிழாக்கலாம்.

முன்னுரையில் தன்னைப் பற்றி அவர் சொல்வதைப் படித்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். தன் கலையைச் சொல்லித்தர மறுத்ததற்காக மற்ற ஆசான்களோடு ஐந்து முறை அந்நிய ஊர்களில் கூர்வாளோடு மோத வேண்டியிருந்ததாம். உடம்பில் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, கையில் மெல்லிய தோலுறை, அவ்வளவுதான். ஐந்திலும் காயமில்லாமல் வந்தேன் என்கிறார். அதே மனிதர், நூல்கள் இல்லாமல் இந்தக் கலையின் கால்பங்கைக்கூட மனத்தில் வைத்திருக்க ஒருவராலும் முடியாது என்றும் எழுதுகிறார். கூர்வாளை நேரில் பார்த்தவர் நூலின் அருமையைச் சொல்கிறார் என்பதால் அந்த வரிக்கு என்னிடம் தனி மதிப்பு உண்டு.

தொடக்கநிலைக்கு ஃபியோரேவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வாளில் தொடங்குவதில்லை. முதலில் வெறுங்கை மல்லுக்கட்டு, பிறகு குத்துவாள், அப்புறம் ஒருகை வாள், இருகை வாள், கவசம் அணிந்த சண்டை, போர்க்கோடரி, ஈட்டி, கடைசியில் குதிரைமேல் சண்டை. மல்லுக்கட்டில் கற்ற பிடி குத்துவாளில் திரும்ப வரும். குத்துவாளில் கற்ற பூட்டு நீள்வாளை நெருங்கும்போது திரும்ப வரும். வாள் வாங்கக் காசு சேருவதற்குள் நீங்கள் பாதி நூலைப் பழகி முடித்திருக்கலாம்.

நான்கு பிரதிகள் தெரியவந்துள்ளன. லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகப் பிரதியில் விளக்கம் அதிகம், அதுதான் அடிப்படையாக வைத்துக்கொள்ள ஏற்றது. நியூயார்க்கின் மார்கன் நூலகப் பிரதி குறைவானது, குதிரையில் தொடங்கித் தலைகீழாக வரும். பாரிஸ் பிரதி வண்ணம் தீட்டியது, லத்தீன் செய்யுளில் அமைந்தது. நான்காவதான பிசானி தோசி பிரதியை 1902-ல் ஃபிரான்செஸ்கோ நோவாட்டி வெளியிட்ட நகல் பதிப்பின் வழியாக எல்லோரும் படிக்கிறோம். ஒரு பிரதியில் கால் எங்கே இருக்கிறது என்று புரியாவிட்டால் மற்ற மூன்றையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிலாவது தெளிவாக இருக்கும்.

படத்தில் சிலர் தலையில் கிரீடம், சிலர் காலில் பட்டி. ஏன்?

அதுதான் ஃபியோரேவின் சாவி. முழங்காலுக்குக் கீழே பொன்பட்டி கட்டியிருப்பவர் மாணவர். கிரீடம் வைத்திருப்பவர் ஆசான். கிரீடமும் பட்டியும் சேர்ந்து இருந்தால் அவர் 'எதிர் ஆசான்', அதாவது முன்னே காட்டிய தந்திரத்தை முறிப்பவர்.

இதைப் பிடித்துக்கொண்டால் பக்கங்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். முதலில் நிலையைக் காட்டும் ஆசான்கள். அடுத்து, தாக்குதலுக்கு மாற்று சொல்லும் கிரீட ஆசான். அவர் பின்னால், அந்த மாற்றில் இருந்து கிளைக்கும் 'விளையாட்டு'களை, அதாவது உத்திகளை, செய்துகாட்டும் பட்டி கட்டிய மாணவர்கள். கடைசியில் எதிர் ஆசான் வந்து உடைக்கிறார். உதாரணத்துக்குக் குத்துவாள் பகுதியில் ஒன்பது மாற்று ஆசான்கள் வருவார்கள். முதலாமவர் மேலிருந்து குத்த வரும் கையின் மணிக்கட்டை இடக்கையால் பிடிக்கிறார். அந்த ஒரு பிடிக்குப் பின்னால் பக்கம் பக்கமாக மாணவர்கள் நிற்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் கால ஓவியத்தில் ஆழம் காட்டும் முறை இன்றைய படங்களைப் போல இராது. முன்கால் எது, பின்கால் எது, வாள் தோளுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதெல்லாம் படத்தை மட்டும் பார்த்தால் தவறிப்போகும். பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, படத்தில் உள்ளதைப் போல நின்று பார்த்து, நண்பரை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறினால் காலை மாற்ற வேண்டும்.

நிலைகளின் பெயர்களையும் ரசிக்கலாம்: சீமாட்டி நிலை, இரும்பு வாசல், சாளரம், காட்டுப்பன்றியின் பல், நீள்வால். இருகை வாளுக்கு மொத்தம் பன்னிரண்டு. பெயர் சும்மா அழகுக்கு இல்லை. பன்றி கொம்புப் பல்லால் கீழிருந்து மேலே கிழிப்பதை நினைத்தால் அந்த நிலையில் இருந்து வரும் அடி கைக்குத் தானாக வரும். இரண்டு விதமான அடிகளில் பெயர் சொல்லும் இந்தத் துப்புதான் என்னைத் திருத்தியது.

ஜெர்மன் மரபு என்கிறார்களே, அது எப்படிப்பட்டது?

மூலவர் யோஹன்னஸ் லீக்டெனாவர், 14-ம் நூற்றாண்டு ஆசான். அவர் கையால் எழுதிய எதுவும் நம்மிடம் இல்லை. அவருடையதாகச் சொல்லப்படும் செய்யுள்கள் மட்டும் பல சுவடிகளில் வருகின்றன. அவை வேண்டுமென்றே மறைபொருளாக எழுதப்பட்டவை. கண்டவருக்கெல்லாம் கலை போய்ச் சேரக்கூடாது என்பதற்காக மறைத்த சொற்களில் எழுதினார் என்று உரைகளின் முன்னுரையே சொல்கிறது.

தமிழில் இலக்கணம் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நூற்பா தனியாகக் கிடக்கும், உரை இல்லாமல் உள்ளே போக முடியாது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் போல, லீக்டெனாவரின் செய்யுளுக்கு 15-ம் நூற்றாண்டில் உரைகள் எழுந்தன. ரிங்கெக் என்பவரின் உரை டிரெஸ்டன் சுவடியில் இருக்கிறது. பீட்டர் ஃபான் டான்சிக்கின் பெயரால் வழங்கும் 1452-ம் ஆண்டுச் சுவடி ரோமில் இருக்கிறது. யூட் லெவ் பெயரில் இன்னொன்று. ஓரிடத்தில் ஒருவர் சொல்லாததை இன்னொருவர் சொல்வார். சில இடங்களில் முரண்படவும் செய்வார்கள். உரை வேறுபாடு பார்த்துப் பழகிய கண் இருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கு எளிது.

கலைச்சொற்கள் நான்கு நிலைகளில் தொடங்கும். எருது: வாள் தலையருகே, முனை கொம்பைப் போல எதிராளியைப் பார்க்கும். ஏர்: கைகள் இடுப்பருகே, முனை மேல்நோக்கி. மூடன்: முனை தரையைப் பார்க்கும், காப்பே இல்லாததுபோலத் தெரியும். நான்காவது, வாளை மேலே உயர்த்திய நிலை. எருதும் ஏரும் அடுத்தடுத்து வருவதால் நம் ஆட்களுக்கு மறக்கவே மறக்காது. இவற்றோடு ஐந்து சிறப்பு வெட்டுகள். அப்புறம், இந்த மரபின் உயிராக 'முன்', 'பின்', 'அக்கணமே' என்ற மூன்று காலச்சொற்கள். இரண்டு வாள்களும் ஒட்டி நிற்கும்போது எதிராளி அழுத்துகிறாரா, தளர்கிறாரா என்று அலகின் வழியாகவே உணர்ந்து, அக்கணமே செயல்பட வேண்டும் என்பது சாரம்.

இத்தாலிய மரபையும் ஜெர்மன் மரபையும் சேர்த்துப் படிக்கலாமா?

முதல் வருஷம் வேண்டாம். ஒரு நூல், ஒரு ஆயுதம், ஒரு பயிற்சித் துணை. அவ்வளவு போதும்.

சுவடிகளை இலவசமாக எங்கே பார்க்கலாம்?

விக்டெனாவர் என்ற இணைய நூலகம்தான் முதல் வாசல். லீக்டெனாவர் பெயரையும் விக்கியையும் கலந்து வைத்த பெயர் அது. ஒரு ஆசானின் பக்கத்தைத் திறந்தால் ஒரு பத்தியில் ஓவியம், அடுத்ததில் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதற்கடுத்து ஒவ்வொரு சுவடியில் இருந்தும் எடுத்தெழுதிய மூலம் என்று பக்கத்தில் பக்கமாக இருக்கும். கட்டணம் இல்லை.

மூலப்படங்களைப் பெரிதாகப் பார்க்க அந்தந்த நிறுவனத்துக்கே போங்கள். கெட்டி அருங்காட்சியகம் தன் ஃபியோரே சுவடியின் படங்களைத் திறந்து வைத்திருக்கிறது. 15-ம் நூற்றாண்டு ஜெர்மன் ஆசான் ஹான்ஸ் தால்ஹோஃபரின் 1467-ம் ஆண்டுச் சுவடி மியூனிக்கில் உள்ள பவேரிய மாநில நூலகத்தின் மின்தொகுப்பில் இருக்கிறது. அவருடைய 1459-ம் ஆண்டுச் சுவடி டென்மார்க் அரச நூலகத்தில்.

எனக்குப் பழைய ஜெர்மனோ இத்தாலியனோ தெரியாது. மொழிபெயர்ப்பை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் தன் உடம்பில் பழகிய விளக்கத்தைக் கொஞ்சம் சேர்த்தே எழுதுவார். ஒரே வரிக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை வைத்துப் பார்த்தால் எங்கே மூலம் பேசுகிறது, எங்கே மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார் என்று பிரியும். ஐ.33-க்கு ஜெஃப்ரி ஃபோர்கெங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. லீக்டெனாவர் மரபுக்குக் கிறிஸ்டியன் ஹென்றி டோப்ளரும் ஃபியோரேவுக்குக் கய் விண்ட்சரும் விளக்க நூல்கள் எழுதியிருக்கிறார்கள்.

நாற்பது ஐம்பது கலைச்சொற்களை மூலமொழியிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். நான் அப்படிச் செய்தபோதுதான் பல சொற்கள் எனக்குப் புரியவே இல்லை என்பது தெரிந்தது.

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா?

உதவியாகப் பார்க்கலாம். ஒரு காணொளி நல்லதா என்று அறிய நான் வைத்திருக்கும் சோதனை: எந்தச் சுவடி, எந்தப் பக்கம் என்று சொல்கிறாரா? சொன்னால் நீங்களே திறந்து சரிபார்க்கலாம். சொல்லாமல் 'இடைக்காலத்தில் இப்படித்தான் வெட்டினார்கள்' என்று தொடங்கினால் தாண்டிப் போய்விடுங்கள். பழைய வாள்களைக் கையில் வைத்து விளக்குவதற்கு மேட் ஈஸ்டனின் ஸ்கோலா கிளேடியடோரியா அலைவரிசை நன்றாக இருக்கும்.

வாள் பத்து கிலோ இருக்குமாமே?

சினிமாவும் கதைகளும் சேர்ந்து பரப்பிய தவறு. ஒருகை வாள் சுமார் 1 முதல் 1.3 கிலோ. இருகை நீள்வாள் பெரும்பாலும் 1.3 முதல் 1.8 கிலோவுக்குள். எடையை விட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். கைப்பிடியின் அடியில் உள்ள குமிழ் கனமாக இருந்தால் முனை கையில் இலேசாக ஆடும். அலகின் நடுவே ஓடும் பள்ளம் ரத்தம் வடிவதற்கு என்பார்கள். அதுவும் தவறு. விறைப்பைப் பெரிதாக இழக்காமல் எடையைக் குறைக்கத்தான் அந்தப் பள்ளம்.

வாளையே பாடமாகப் படிக்க விரும்பினால் யூவர்ட் ஓக்‌ஷாட் வகுத்த வகைப்பாட்டில் தொடங்குங்கள். பத்தாம் வகை முதல் இருபத்திரண்டாம் வகை வரை ரோம எண்களால் குறிப்பார். ஏன் பத்தில் தொடங்குகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அவருக்கு முன் தொல்லியலாளர் வீலர் வைக்கிங் கால வாள்களை ஏழு வகையாகப் பிரித்திருந்தார். ஓக்‌ஷாட் அதில் இரண்டு சேர்த்துவிட்டு, தன் வகைகளைப் பத்தில் தொடங்கினார். பத்தாம் வகை அகலமானது, தட்டையானது, வெட்டுவதற்கானது. பதினைந்தாம் வகை முனை நோக்கிக் கூம்பி, குறுக்குவெட்டில் வைரம்போல இருக்கும், குத்துவதற்கானது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன? 14-ம் நூற்றாண்டில் இரும்புத் தகட்டுக் கவசம் வளர்ந்தது. தகட்டை வெட்ட முடியாது, இடுக்கில் குத்தத்தான் முடியும். வாளின் வடிவத்தைப் பார்த்தே எதிரே நின்றவர் என்ன உடுத்தியிருந்தார் என்று சொல்லிவிடலாம். ஃபியோரேவின் கவசப் பகுதியில் இடக்கையால் அலகின் நடுவைப் பிடித்து வாளைச் சிறு ஈட்டிபோலச் செலுத்துவது ஏன் என்பதும் அப்போது விளங்கும்.

நேரில் பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?

லீட்ஸின் ராயல் ஆர்மரிஸ், லண்டனின் வாலஸ் தொகுப்பு, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகம். பிற்காலப் பொருள்களே அதிகம் என்றாலும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆயுதசாலைக்கும் வாய்ப்பிருந்தால் போங்கள். சுமார் 32,000 பொருள்கள், இன்னும் கிடங்கில் அடுக்கியபடியே இருக்கின்றன.

சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பாருங்கள். தென்னிந்தியாவில் ஐரோப்பிய அலகுகளை இறக்குமதி செய்து உள்ளூர்க் கைப்பிடி பொருத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அந்த வகை வாளுக்கு ஃபிரங்கி என்று பெயர். அலகுகள் பெரும்பாலும் 16, 17-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, இடைக்காலத்துக்குப் பிந்தையவை. ஆனாலும் ஒரே ஆயுதத்தில் இரண்டு ஊர்க் கொல்லர்களின் கை சேர்ந்திருப்பதைப் பார்ப்பது தனி அனுபவம்.

இந்த நூல்களில் உள்ளது உண்மையான சண்டையோடு ஒத்துப்போகிறதா?

எலும்புகளைக் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்வீடனின் காட்லாண்ட் தீவில் 1361-ல் டென்மார்க் படையோடு மோதி இறந்தவர்களின் கூட்டுப் புதைகுழிகள் விஸ்பி நகருக்கு வெளியே தோண்டப்பட்டன. கால் எலும்புகளில் ஏராளமான வெட்டுகள் இருந்தன. இங்கிலாந்தின் டௌட்டனில் 1461-ல் நடந்த போரின் புதைகுழி 1996-ல் கிடைத்தது. அங்கே தலைக்காயங்கள் மிகுதி. போர்க்களம் வேறு, இருவர் எதிரெதிரே நிற்கும் சண்டை வேறு. சுவடிகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்லித்தருகின்றன. இந்த எலும்பு ஆய்வுகளையும் கூடவே படித்தால் அந்த வேறுபாடு மறக்காது.

தால்ஹோஃபரின் சுவடியில் ஓர் ஆண் குழிக்குள் நிற்க, ஒரு பெண் வெளியில் இருந்து சண்டை போடுகிறாரே?

அது நீதிச் சண்டை. சாட்சி இல்லாத வழக்கைச் சண்டையில் தீர்க்கும் வழக்கம் அப்போது இருந்தது. கணவனும் மனைவியும் மோதும்போது சமன் செய்வதற்காக ஆண் இடுப்பளவு குழிக்குள் நின்று தடி பிடிப்பார். பெண் துணியில் கல்லைக் கட்டிச் சுழற்றுவார். 1467-ம் ஆண்டுச் சுவடியில் அந்தச் சண்டை படம் படமாக வரும்.

பெண்கள் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. ஐ.33-ன் கடைசிப் பக்கங்களில் வாளும் கேடயமும் ஏந்திப் பாதிரியாரோடு பழகுபவர் வால்புர்கிஸ் என்ற பெண். மிகப் பழைய நூலிலேயே அவர் இருக்கிறார்.

என்னென்ன வாங்க வேண்டும்?

வாள் கடைசியில். முதலில் முகமூடி. நவீன வாள்வீச்சுக்கான முகமூடியே தொடக்கத்துக்குப் போதும். விளையாட்டுக் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். சென்னையின் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய பிறகு இந்த விளையாட்டை அறியாதவர்கள் குறைவு. துணியின் தாங்குதிறன் 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று குறித்திருக்கும், முடிந்தால் அதிகமானதை வாங்குங்கள். முகமூடி பின்மண்டையைக் காக்காது, அதற்குத் தனி உறை வேண்டும். தொண்டைக்காப்பும் கட்டாயம்.

அடுத்தது கையுறை. வாள்வீச்சில் அதிகம் அடிபடுவது விரல்கள். முதல் வருஷம் சாதாரணத் தோலுறையோடு மெதுவாகத்தான் பழகினோம். ஒரே ஒரு தடவை வேகம் கூடியது. என் கட்டைவிரல் மூன்று வாரம் மடங்கவில்லை. கெட்டியான கையுறை வரும்வரை வேகம் கூட்டாதீர்கள்.

அப்புறம்தான் ஆயுதம். குத்துவாளுக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மரக்கட்டை போதும். நீள்வாளுக்கு முதலில் நைலான் அல்லது மரம். நன்றாகப் பழகிய பிறகு ஃபெடர் என்னும் இரும்புப் பயிற்சி வாள். ஜெர்மன் மொழியில் இறகு என்று பொருள். அலகு ஒடுங்கி, கைப்பிடிக்கு அருகே மட்டும் அகலமாக இருக்கும். குத்தினால் வளையும். யோஆகிம் மையர் 1570-ல் ஸ்டிராஸ்பூர்கில் அச்சிட்ட நூலின் படங்களில் இந்த வடிவத்தைப் பார்க்கலாம்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாளையும் ஆயுதமாகவே பார்க்கிறது. இரும்பு வாளை வெளிநாட்டில் இருந்து தருவிக்கும் முன் சுங்கத்திலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

சிலம்பம் தெரியும். உதவுமா?

தூரக்கணக்கும் காலடியும் நிச்சயம் உதவும். இரு கையாலும் ஒரு நீளப் பொருளைச் செலுத்திப் பழகிய தோள் உங்களிடம் இருக்கிறது. ஃபியோரே ஈட்டிக்கும் தடிக்கும் இடம் கொடுத்திருக்கிறார், அவற்றை நீங்கள் விரைவில் பிடித்துவிடுவீர்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் பழக வேண்டும்: வாளுக்கு விளிம்பு உண்டு. கழியைப் போல எந்தப் பக்கத்தாலும் அடிக்க முடியாது. விளிம்பு வெட்டும் திசையிலேயே போகிறதா என்று ஒவ்வொரு வீச்சிலும் பார்க்க வேண்டும்.

ஊரில் கிளப் இல்லை. நூலை வைத்தே கற்க முடியுமா?

இதற்கு ஒரு பழைய சுவடியே பதில் சொல்லியிருக்கிறது. நூரம்பர்க்கில் 3227ஏ என்ற எண்ணில் ஒரு சிறு கையேடு இருக்கிறது. இரும்பைக் கடினப்படுத்தும் குறிப்புகளும் மருத்துவக் குறிப்புகளும் கலந்த அந்தக் கையேட்டில்தான் லீக்டெனாவர் மரபைப் பற்றிய மிக ஆழமான பேச்சும் வருகிறது. வாள்வீச்சைக் கையால் காட்டுவதுபோல எழுத்தால் விளக்க முடியாது என்கிறது அது. இன்னும் ஒரு படி போய், கலை இல்லாத பழக்கம் பயன்படும், பழக்கம் இல்லாத கலை பயன்படாது என்கிறது.

ஃபியோரே நூல் இல்லாமல் முடியாது என்கிறார். இந்தச் சுவடி நூல் மட்டும் போதாது என்கிறது. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. தனியாக இருப்பவர் காலடி, நிலைமாற்றம், மெதுவான வெட்டு ஆகியவற்றைத் தினமும் இருபது நிமிஷம் செய்யலாம். ஆனால் வாள் ஒட்டி நிற்கும்போது வரும் உணர்வைக் காற்றில் பழக முடியாது. அதற்கு இன்னொரு மனிதர் வேண்டும். அவர் திறமைசாலியாக இருக்க வேண்டியதில்லை. நிதானமாக, சொன்ன வேகத்தில் வருபவராக இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளப் உள்ள ஊருக்குப் போய் இரண்டு நாள் பழகிவிட்டு வந்தால், தனியாகச் சேர்த்துவைத்த தவறுகளில் பாதி தெரிந்துவிடும்.

சரி, இந்த வாரமே தொடங்க வேண்டும். என்ன செய்யட்டும்?

கெட்டி சுவடியில் குத்துவாளின் முதல் ஆசான் வரும் பக்கத்தைத் திறங்கள். மொழிபெயர்ப்பை இரண்டு முறை படியுங்கள். அண்ணனையோ தங்கையையோ நண்பரையோ கூப்பிட்டுக் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, மேலிருந்து மிக மெதுவாகக் குத்த வரச் சொல்லுங்கள். இடக்கையால் மணிக்கட்டைப் பிடியுங்கள். பிடித்த கணத்தில் உங்கள் எந்தக் கால் முன்னே இருந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு காலை மாற்றி மறுபடி செய்து, எதில் பிடி இறுகியது என்று அதற்குக் கீழே எழுதிவிட்டு, படத்தை இன்னொரு முறை பாருங்கள்.